பட்டியலில் பெயர் கொடுக்குமுன்

சாகாமம் வீதி,
அக்கரைப்பற்று.

அன்புள்ள மருமகனுக்கு,



உன் கடிதம் கிடைத்தது. மாகாண சபைத் தேர்தல் எப்போது வந்தாலும் அம்பாறை மாவட்டப் பட்டியலில் உன் பெயரைப் போடச் சம்மதமா என்று கட்சி அமைப்பாளர் ஒருவர் கேட்டிருக்கிறார். உம்மா பயப்படுகிறா, வாப்பா வாய் திறக்கிறார் இல்லை, ஆகவே மாமி சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய். கேட்டதற்குச் சந்தோசம், மகன். பெயர் கொடுத்துவிட்டு வந்து சொல்பவர்கள்தான் அதிகம். நீ கொடுக்குமுன் கேட்கிறாய்.

ஓம் என்றோ வேண்டாம் என்றோ ஒரே சொல்லில் முடிக்கக்கூடிய விசயம் இல்லை இது. நீ போய் உட்கார நினைக்கும் சபையில் எத்தனை கதிரை இருந்தன, யார் யார் எப்படி அதில் அமர்ந்தார்கள், அமர்ந்தபின் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன் வயதுக்காரர் எவருக்கும் அது நேரில் தெரியாது. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டம்பர் 8ஆம் திகதி. அன்று பதினெட்டு வயது நிரம்பாதிருந்த ஒருவர்கூட இன்றுவரை இந்த மாகாண சபைக்கு வாக்களித்ததில்லை. பல்கலைக்கழகம் முடித்து, கலியாணம் கட்டி, பிள்ளை பெற்றவர்களும் அதில் அடக்கம்.

கிழக்கு மாகாண சபையில் மொத்தம் 37 ஆசனங்கள். அம்பாறைக்கு 14, மட்டக்களப்புக்கு 11, திருகோணமலைக்கு 10. மிச்சம் இரண்டும் போனஸ். மாகாணம் முழுவதிலும் கூடுதல் வாக்கு எடுத்த கட்சிக்கு அவை போகும். ஆட்சி அமைக்க 19 வேண்டும். இந்தப் பத்தொன்பதை மறந்துவிடாதே. நான் எழுதப்போகும் பாதிக் கதை அதைச் சுற்றித்தான்.

அதற்கு முதல் உன் பெயருக்கு வருகிறேன். கடைசித் தேர்தல் நடந்த முறைப்படி, அம்பாறையில் 14 ஆசனம் என்றாலும் ஒரு கட்சி 17 பெயர் கொடுக்க வேண்டும். ஆசனங்களின் எண்ணிக்கையோடு மூன்று சேர்த்துப் பட்டியல் போடுவதுதான் பழைய சட்டம். 2012இல் நம் மாவட்டத்தில் ஆகக்கூடிய ஆசனம் எடுத்த கட்சிக்குக் கிடைத்தது ஐந்து. அந்தப் பட்டியலிலேயே பன்னிரண்டு பேர் தோற்றார்கள். மற்றக் கட்சிகளில் இன்னும் கூட. அந்தப் பன்னிரண்டு பேரும் எதற்குப் போடப்பட்டார்கள் என்று யோசி. கல்முனைக்கு ஒருவர், சாய்ந்தமருதுக்கு ஒருவர், நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று ஊருக்கு ஊர் ஆள் போட்டால்தான் ஊர்வாக்குச் சின்னத்துக்கு வரும். வாக்காளர் முதலில் சின்னத்துக்கு நேரே புள்ளடி போடுகிறார். பிறகு அந்தக் கட்சியின் வேட்பாளர் இலக்கங்களில் மூன்றுக்கு விருப்பு வாக்குப் போடலாம். தேர்தலுக்கு முந்தின வாரம் வீட்டு வாசலில் நீட்டப்படும் கையளவு அட்டையை நீ கண்டிருப்பாய்: மேலே சின்னம், கீழே வட்டத்துக்குள் இலக்கம். பெரிய ஊரின் வேட்பாளருக்கு அந்த ஊர் முழுவதும் முதல் இலக்கமாக விழும். பக்கத்து ஊரோடு பேசி, எங்கள் இலக்கத்தை நீங்கள் போடுங்கள், உங்கள் இலக்கத்தை நாங்கள் போடுகிறோம் என்று இரண்டாவதையும் வாங்கிக்கொள்வார்கள். சின்ன ஊர்ப் பிள்ளைக்கு அவனுடைய ஊர் மட்டும்தான். உனக்காகச் சின்னத்துக்கு விழும் வாக்குக் கட்சியின் கணக்கில் ஏறிவிடும். அதனால் கிடைக்கும் ஆசனத்தில் உட்காருபவர் வேறு ஆளாக இருப்பார்.

இது தெரிந்து போவது வேறு, தெரியாமல் போவது வேறு. வாக்குச் சேர்க்கத்தான் போகிறேன் என்று மனம் ஒப்பினால் அதிலும் குறைவில்லை. ஒரு கட்சியை வளர்க்க அப்படியும் ஆட்கள் வேண்டும். ஆனால் "மாகாண சபை உறுப்பினராக வரப்போகிறீர்" என்று அந்த அமைப்பாளர் உனக்குச் சொல்லியிருந்தால், எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேள்.

அந்தக் கணக்கை நீயே போடலாம். நான் படிப்பித்தது கணிதம் என்பதால் எழுதுகிறேன் என்று நினைக்காதே, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் வகுத்தல்தான்.  செல்லுபடியான வாக்குகளை 14ஆல் பிரி. 2012இல் அம்பாறையில் அது இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைய. வெற்றிலைச் சின்னத்தில் வந்த ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 92 ஆயிரத்துச் சொச்சம். முழுதாக நாலு ஆசனம். மரத்தில் வந்த முஸ்லிம் காங்கிரசுக்கு 83 ஆயிரத்துச் சொச்சம், அதுவும் நாலு. யானையில் வந்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு 48 ஆயிரம், வீட்டுச் சின்னத்தில் வந்த தமிழரசுக் கட்சிக்கு 45 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைய, ஆளுக்கு இரண்டு. பன்னிரண்டு போயிற்று, இன்னும் இரண்டு கிடக்கிறது. பிரித்து வந்த மீதி யாருக்குக் கூடவோ அவர்களுக்கு அது. ஒன்று வெற்றிலைக்கு, மற்றது யானைக்கு. முடிவு ஐந்து, நாலு, மூன்று, இரண்டு. யானைக்கும் வீட்டுக்கும் வாக்கில் இருந்த இடைவெளி மூவாயிரத்துச் சொச்சம்தான். ஆசனத்தில் ஒன்று முழுதாக வேறுபட்டது. மரத்துக்கு இன்னும் சில ஆயிரம் வாக்குக் கூட விழுந்திருந்தால் ஐந்தாவது அவர்களுக்கு வந்திருக்கும், யானைக்கு இரண்டோடு நின்றிருக்கும். நம் பக்கத்தில் ஒரு நடுத்தர ஊரின் சில வட்டாரங்களிலேயே அவ்வளவு வாக்கு உண்டு. "என் ஒரு வாக்கால் என்ன வரப்போகிறது" என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டு.

மாகாண மட்டத்திலும் அப்படித்தான் நடந்தது. வெற்றிலைக்கு 2,00,044 வாக்கு, வீட்டுக்கு 1,93,827. ஆறாயிரத்துச் சொச்ச வித்தியாசத்தில் இரண்டு போனஸ் ஆசனமும் ஒரே பக்கம் போயின. போனஸ் இல்லாமல் பார்த்தால் 12க்கு 11. போனசோடு 14க்கு 11. அதே ஆறாயிரம் மறுபக்கம் சாய்ந்திருந்தால் தமிழரசுக் கட்சி 13, ஆளுங்கூட்டு 12 என்று வந்திருக்கும்.

இனிப் பத்தொன்பதுக்கு வருவோம். 2012 முடிவு இதுதான்: ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 14, தமிழரசுக் கட்சி 11, முஸ்லிம் காங்கிரஸ் 7, ஐக்கிய தேசியக் கட்சி 4, தேசிய சுதந்திர முன்னணி 1. ஒருவருக்கும் 19 இல்லை. பதினான்கோடு ஏழு சேர்ந்தால் 21, முன்னணியின் ஒன்றும் சேர்ந்தால் 22. பதினொன்றோடு ஏழும் நாலும் சேர்ந்தாலும் அதே 22. எந்தப் பக்கம் ஆட்சி என்பது ஏழு ஆசனம் வைத்திருந்தவர்களின் கையில் இருந்தது. முதலமைச்சர் பதவியையே முஸ்லிம் காங்கிரசுக்கு விட்டுத்தர ஆயத்தம் என்று, தமிழரசுக் கட்சியின் சின்னத்தில் வந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தன் ஐயா வெளிப்படையாகச் சொன்னார். முஸ்லிம் காங்கிரஸ் மற்றப் பக்கம் போனது. நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சரானார்.

அந்த முடிவை இன்றும் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். கொழும்பில் அசைக்க முடியாத அரசாங்கம் இருந்தது, அதை எதிர்த்து மாகாணத்தில் ஆட்சி நடத்த முடியாது, முஸ்லிம்களுக்குப் பாதுகாப்பும் வேலையும் வேண்டும் என்பது ஒரு பக்கம். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தேர்தலில் மரத்துக்கு வாக்குக் கேட்ட மேடைகளில் அரசாங்கத்துக்கு எதிராகத்தான் பேசினார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் சனங்கள் புள்ளடி போட்டார்கள். தேர்தல் முடிந்து பத்து நாளில் அந்த வாக்கு அரசாங்கத்தோடு போய்ச் சேர்ந்தது. சேர்ந்ததைவிட, சேரப்போவதை முன்கூட்டிச் சொல்லாமல் விட்டதுதான் பிழை என்பது என் தீர்ப்பு. பிறகு 2015 ஜனவரியில் ஜனாதிபதி மாறினார். பெப்ரவரியில் அதே சபையில், அதே உறுப்பினர்களோடு, முஸ்லிம் காங்கிரசின் ஹாபிஸ் நசீர் அஹமட் முதலமைச்சராகச் சத்தியம் செய்தார். பதினொரு ஆசனம் உள்ள நாங்கள் இருக்க ஏழு ஆசனக்காரருக்கா என்று தமிழ்க் கூட்டமைப்புக்குள் மனக்குறை இருந்தது. பிறகு அவர்களும் அமைச்சர் வாரியத்துக்கு வந்தார்கள். துரைராஜசிங்கம் விவசாயத்தையும் தண்டாயுதபாணி கல்வியையும் பொறுப்பேற்றார்கள். ஆரியவதி கலப்பத்தி வீதி அபிவிருத்தி அமைச்சரானார். தமிழரும் முஸ்லிமும் சிங்களவரும் ஒரே வாரியத்தில் இருந்து மாகாணத்தை நடத்திய காலம் அது. 2012இலேயே அதைச் செய்திருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

உறுப்பினர் பட்டியலை வாசிக்கும்போது இன்னொன்றையும் கவனி. கட்சிப் பெயருக்கு எதிரே இருக்கும் எண்ணிக்கை முழு உண்மையையும் சொல்லாது. 2008 மே 10ஆம் திகதித் தேர்தலில் சுதந்திரக் கூட்டமைப்பு 20, ஐக்கிய தேசியக் கட்சி 15, ஜே.வி.பி. 1, தமிழ் ஜனநாயகத் தேசியக் கூட்டமைப்பு 1 என்று இருக்கும். முஸ்லிம் காங்கிரஸ் என்ற பெயரே அங்கு இராது. ஆனால் அதன் தலைவர் ரவூப் ஹக்கீம் பாராளுமன்றப் பதவியை விட்டுவிட்டு வந்து கேட்ட தேர்தல் அது; கட்சி யானைக்குள் இருந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அந்தத் தேர்தலைப் புறக்கணித்தது, அதனால் அவர்களும் பட்டியலில் இல்லை. வெற்றிலைக்குள் பிள்ளையான் என்ற சந்திரகாந்தனின் தமிழ் மக்கள் விடுதலைப் புலிகளும் அதாவுல்லாவின் தேசிய காங்கிரசும் இருந்தன. 2012 வெற்றிலையில் ரிஷாத் பதியுதீனின் கட்சியும் இருந்தது. முதலமைச்சரான நஜீப் அப்துல் மஜீத் அந்தக் கட்சிக்காரர். ஆகவே "14" என்று எழுதியிருக்கும் இடத்தில் நாலு கட்சிகளின் ஆட்கள் இருக்கிறார்கள்.

இது உனக்கு ஏன் முக்கியம் என்றால், உன்னைக் கேட்ட கட்சி தன் சொந்தச் சின்னத்தில் கேட்கப்போகிறதா, இன்னொருவருடைய சின்னத்திலா என்பதைப் பொறுத்து உன் நிலைமை மாறும். நியமனப் பத்திரத்தில் கையெழுத்து வைப்பவர் சின்னத்துக்குரிய கட்சியின் செயலாளர். எந்தக் கட்சியின் பத்திரத்தில் உன் பெயர் போனதோ அந்தக் கட்சியின் உறுப்புரிமையை இழந்தால், நீதிமன்றம் தடுத்தாலன்றி ஆசனமும் போகும். உன் கட்சி ஒன்று, சின்னம் இன்னொன்று என்றால், நாளைக்கு அந்த இரண்டுக்கும் பிணக்கு வரும்போது நீ யாருடைய ஆள்? வென்று போனவர்களே இதில் சிக்கித் திணறியதைக் கண்டிருக்கிறோம்.

முதலமைச்சரை நியமிப்பவர் ஆளுநர். ஒரு கட்சிக்குப் பாதிக்கு மேல் ஆசனம் இருந்தால் அந்தக் கட்சியின் சபைத் தலைவரைத்தான் நியமிக்க வேண்டும் என்று அரசியலமைப்புச் சொல்கிறது. இல்லாவிட்டால் பெரும்பான்மை ஆதரவு யாருக்கு உண்டென்று ஆளுநர் கருதுகிறாரோ அவர். முதலமைச்சரைத் தவிர நாலு அமைச்சர்களுக்கு மேல் இருக்க முடியாது. அந்த ஐந்து பதவியும் எந்த மாவட்டத்துக்கு, எந்தச் சமூகத்துக்கு என்பதில்தான் இழுபறி முழுவதும். ஆசனம் கூடிய மாவட்டம் நம்முடையது. ஆனால் பிள்ளையானும் ஹாபிஸ் நசீரும் மட்டக்களப்பு மாவட்டம், நஜீப் அப்துல் மஜீத் திருகோணமலை மாவட்டம். அதற்கு முன் வடக்குக் கிழக்கு இணைந்திருந்தபோது 1988 நவம்பரில் நடந்த தேர்தலில் முதலமைச்சரான வரதராஜப் பெருமாள் யாழ்ப்பாணம். அம்பாறையிலிருந்து இதுவரைக்கும் முதலமைச்சர் ஒருவரும் வரவில்லை. அந்த 1988 சபையில் மொத்தம் 71 ஆசனம். ஈ.பி.ஆர்.எல்.எவ். 41, முஸ்லிம் காங்கிரஸ் 17, ஈ.என்.டி.எல்.எவ். 12, ஐக்கிய தேசியக் கட்சி 1. அஷ்ரப் சேரின் கட்சியான முஸ்லிம் காங்கிரஸ் பதிவான வருசமே பதினேழு பேரை அனுப்பியது. அந்தச் சபை 1990இல் கலைந்தது. 2006 ஒக்டோபரில் இணைப்புச் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்லி, 2007 ஜனவரியில் இரண்டு மாகாணமும் பிரிந்தன. இதற்குமேல் அதை விரிக்கவில்லை. உன் வாப்பாவிடம் கேள், அவர் அந்தக் காலத்தை நன்றாக அறிந்தவர்.

சபை இருந்ததால் என்ன கிடைத்தது என்று கேட்பாய். எனக்குச் சீதனமாக வந்த சாகாமத்து வட்டைக் காணியிலிருந்தே சொல்கிறேன். ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் முதல் ஆரம்பக் கூட்டம் வைப்பார்கள். முதல் தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கும் திகதி, மாடுகளை வட்டையை விட்டு அகற்றும் திகதி, கடைசித் தண்ணீர் எல்லாம் அங்கே தீர்மானமாகும். வட்டைவிதானைமார் முன்வரிசையில் இருப்பார்கள், தமிழரும் முஸ்லிமும் கலந்து. பொம்பிளைகள் அதிகம் வரமாட்டார்கள்; காணி என் பெயரில் இருக்கிறபடியால் நான் போவேன். வயலுக்குப் போகும் வீதி உழவு மெசின் போக முடியாமல் கிடக்கிறது, அறுவடைக்கு லொறி வராது என்று ஒருவர் எழும்பிச் சொல்வார். ஏ, பி தர வீதி என்றால் மத்திய அரசு. சி, டி தரம் என்றால் மாகாணம். அதற்குக் கீழே பிரதேச சபை. குளங்களும் அப்படி: சிலது மத்திய நீர்ப்பாசனத் திணைக்களம், சிலது மாகாணத் திணைக்களம், சின்னக் குளங்கள் கமநல சேவை. மேடையில் இருக்கும் உத்தியோகத்தர் ஒருவர் மற்றவரைப் பார்ப்பார். கடைசியில் "மாகாணத்துக்கு எழுதியிருக்கிறோம்" என்பார். முன்பு அந்தச் சொல்லுக்குப் பிறகு போக ஒரு வாசல் இருந்தது. 2008 முதல் 2015 வரை வீதியும் நீர்ப்பாசனமும் அட்டாளைச்சேனை எம்.எஸ். உதுமாலெப்பையின் அமைச்சில் இருந்தன. அவருக்கு வாக்குப் போட்டவரும் போடாதவரும் அவருடைய வீட்டு வாசலில் போய் நிற்கலாம். எல்லாம் நடந்தது என்று சொல்லவில்லை. ஆனால் ஏன் நடக்கவில்லை என்று முகத்துக்கு நேரே கேட்க ஒரு முகம் இருந்தது. இப்போது மாகாணம் என்றால் திருகோணமலை உவர்மலையில் இருக்கும் கந்தோர்களும் ஆளுநரும்தான்.

கல்வியிலும் அதே கதை. நான் படிப்பித்த பள்ளிக்கூடங்கள் எல்லாம் மாகாணப் பாடசாலைகள். தேசிய பாடசாலைகள் ஒரு சிலது. மிச்சப் பெரும்பான்மை மாகாணத்தின் கையில். அக்கரைப்பற்று வலயத்தில் ஒரு பாடத்துக்கு ஆசிரியர் மிதமிஞ்சி இருக்க, திருக்கோவில் வலயத்தில் அதே பாடத்துக்கு ஆள் இல்லை என்றால், அதைச் சபையில் கேள்வியாக எழுப்ப ஓர் உறுப்பினர் வேண்டும். எழுப்பினால் அமைச்சர் எழும்பிப் பதில் சொல்ல வேண்டும், அது ஹன்சாட்டில் பதியும். இன்று மகஜர் எழுதலாம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது ஆவணமாகாது.

சபையின் ஐந்து வருசம் 2017 செப்டம்பர் 30ஆம் திகதி முடிந்தது. முடிகிற அதே மாதத்தில் எல்லா மாகாண சபைகளுக்கும் ஒரே நாளில் தேர்தல் என்ற 20ஆம் திருத்தச் சட்டமூலத்துக்கு நம் சபை ஆதரவாக வாக்களித்தது. நிறைவேறியிருந்தால் அந்தச் சபையின் ஆயுளும் நீண்டிருக்கும். சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதால் அது நின்றது. பாராளுமன்றம் உடனே வேறு வழியில் போனது. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் முறையை மாற்றினார்கள்: பாதி தொகுதி, பாதி விகிதாசாரம். அதற்கு எல்லை நிர்ணயம் வேண்டும். அந்த அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. கொண்டுவந்த அரசாங்கமே எதிர்த்து வாக்களித்தது. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. 2019க்குள் ஒன்பது மாகாண சபைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் காலாவதியாகின. ரோஹித போகொல்லாகம, ஹிஸ்புல்லாஹ், ஷான் விஜயலால் டி சில்வா, அனுராதா யஹம்பத், செந்தில் தொண்டமான், ஜயந்தலால் ரத்னசேகர என்று நமக்கு ஆளுநர்கள் மாறிக்கொண்டே வந்தார்கள். நல்லவரோ அல்லாதவரோ, ஒருவரையும் நாம் தெரிவுசெய்யவில்லை. ஜனாதிபதி அனுப்பினார், வந்தார்கள்.

ஆளுநர் இருக்கிறார்தானே, வேலை நடக்கிறதுதானே என்று சொல்பவர்களுக்கு 2012இல் நடந்ததைச் சொல். வாழ்வாதார அபிவிருத்திக்கான திவிநெகும சட்டமூலம் மாகாணத்துக்குரிய விடயங்களைத் தொடுகிறது, ஆகவே எல்லா மாகாண சபைகளின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. கிழக்குச் சபை சம்மதம் கொடுத்தது; முஸ்லிம் காங்கிரசின் ஆசனங்களும் அதற்குக் கை உயர்த்தின. அது கொடுத்திருக்கக் கூடாத சம்மதம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் அதிகாரத்தைக் குறைக்கும் சட்டத்துக்கு நம் உறுப்பினரே வாக்களித்தார்கள். வடக்கில் அப்போது சபையே இல்லை. அங்கே ஆளுநர் சம்மதம் தெரிவித்தார். அது செல்லாது, சபையின் இடத்தில் ஆளுநர் நிற்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்று நம் மாகாணமும் ஏனைய எட்டும் அன்றைய வடக்கின் நிலையில் இருக்கின்றன.

ஆகவே, மகன், உன் முதல் வேலை பெயர் கொடுப்பது இல்லை. தேர்தலைக் கேட்பது. உன்னைத் தேடி வந்த கட்சி, இத்தனை வருசமாகச் சபை வெறுமையாகக் கிடந்தபோது பாராளுமன்றத்தில் இதைப்பற்றி என்ன பேசியது என்று ஹன்சாட்டை எடுத்துப் பார். 2025 மே 6ஆம் திகதி பிரதேச சபைத் தேர்தல் நடத்த முடிந்த நாட்டில் மாகாண சபைத் தேர்தலை மட்டும் ஏன் நடத்த முடியாது என்று அந்தக் கட்சியின் கூட்டத்திலேயே எழும்பிக் கேள். பதில் சொல்லும் விதத்திலேயே ஆட்களை அறிந்துகொள்வாய்.

பழைய கணக்குகளை நம்பியும் போகாதே. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் திகாமடுல்ல என்ற நம் தேர்தல் மாவட்டத்தின் ஏழு ஆசனத்தில் தேசிய மக்கள் சக்தி நாலு எடுத்தது. தமிழரசுக் கட்சிக்கும் முஸ்லிம் காங்கிரசுக்கும் ரிஷாத் பதியுதீனின் மக்கள் காங்கிரசுக்கும் ஒவ்வொன்று. 2012இல் இந்த மாவட்டத்தில் கணக்கிலேயே இல்லாத கட்சி இன்று முதலாவது. இது எங்கள் கோட்டை என்று உனக்கு யாரும் சொன்னால் அந்த எண்ணிக்கையைக் காட்டு.

அப்படியும் போவதென்று முடிவெடுத்தால், மேடையில் ஏறும் முதல் நாளிலேயே சொல்லிவிடு: எங்களுக்குப் பத்தொன்பது வராது, வராதபோது இன்னாரோடு சேருவோம், இன்ன நிபந்தனைக்குச் சேருவோம், இன்னாரோடு சேரமாட்டோம். வாக்குக் குறையும் என்று கட்சி பயப்படும். குறையட்டும். சொல்லி வாங்கிய வாக்கைக் கொண்டுதான் நீ பிறகு தலை நிமிர்ந்து இந்த வீதியால் போகலாம். சாகாமத்து வட்டையில் என் காணிக்கு மேலே இருப்பது தம்பிலுவில் குடும்பம் ஒன்றின் காணி. அவர்களுடைய வரம்பைத் தாண்டித்தான் எனக்குத் தண்ணீர் வரும். போர்க்காலத்தில் நாங்கள் காணிப்பக்கம் போக முடியாதிருந்தபோது வாய்க்காலைத் தூர்ந்துவிடாமல் பார்த்தவர்களும் அவர்கள்தான். தமிழருக்கு எத்தனை, முஸ்லிமுக்கு எத்தனை, சிங்களவருக்கு எத்தனை என்று ஆசனம் எண்ணும் பேச்சு மேடையில் கைதட்டு வாங்கும். நீ அதைப் பேசாதே. உன்னால் பேசாமல் இருக்க முடியாது என்றோ, கட்சி உன்னைப் பேசவைக்கும் என்றோ தெரிந்தால் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

அமைப்பாளரிடம் போய், எந்தச் சின்னம், எந்தக் கட்சியின் உறுப்புரிமை, தேர்தலுக்குப் பின் யாரோடு கூட்டு என்று எழுத்தில் கேள். எழுதித் தந்தால் எனக்கு அனுப்பு, இருவருமாக வாசித்துப் பார்த்து முடிவு செய்வோம். எழுதித் தர மறுத்தால் உன் பெயரைக் கொடுக்காதே.

துஆவுடன்,
உன் மாமி